குளிர் விடாத தேசம்

மண்ணூரில் நாங்கள் பார்த்த ஒரே நீச்சல் குளம் தரைக்கு மேலே நின்றது. பள்ளம் தோண்டாமல் குளமா என்று ஊரே சிரித்தது. ஆலையில் இயந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் பெட்டியில் கொண்டுவந்த சாமான் அது. வட்டமாக நிறுத்திய தகரச் சுவர், உள்ளே நீல பிளாஸ்டிக் விரிப்பு, என் கழுத்தளவு தண்ணீர். துரை குடியிருந்த கம்பெனி பங்களாவில் சமையல், துணி, பெருக்கல் எல்லாம் எங்கள் சித்திதான். சித்தப்பா வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு, பங்களாவின் பின்னாலிருந்த ஓர் அறைதான் அவளுக்கு வீடு. துரை குடும்பம் இருக்கும்வரை அறை அவளுக்கு. அது போனால் மாமா வீட்டில் மாமி கையால் சோறு. அதற்குச் சித்தி செத்தாலும் ஒப்பமாட்டாள்.

அது எண்பதுகளின் தொடக்கம். ஐப்பசி பிறக்கும் முன் துரை குடும்பம் ஊருக்குப் புறப்பட்டது. குளிர்காலம் முடிந்ததும் வந்துவிடுவோம், அதுவரை குளத்தைப் பத்திரப்படுத்து என்று துரையம்மா சொல்லிக்கொடுத்தாள். தண்ணீரைக் கொஞ்சம் இறக்க வேண்டும், மருந்து போட வேண்டும், காற்றடித்த லாரி ட்யூப் ஒன்றை நடுவில் மிதக்கவிட்டு மேலே தார்ப்பாய் கட்ட வேண்டும். காலி மட்டும் செய்யவே கூடாது. சித்தி இதை ஜெபம்போல் மனப்பாடம் செய்துகொண்டாள்.

மாமாவுக்கு இது ஒத்துவரவில்லை. எங்கள் பக்கத்தில் மழைக்கு முன் தொட்டியைக் காலிசெய்து, தேய்த்து, சுண்ணாம்பு அடித்துப் புதுத்தண்ணீருக்குத் திறந்து வைப்பதுதான் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களெல்லாம் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தபோது, பூசைக்கு வராத அந்தப் புண்ணியவான், தங்கைக்கு ஒத்தாசையாகட்டும் என்று அடிமூடியைத் திறந்துவிட்டார்.

நாங்கள் வந்தபோது கணுக்கால் அளவு தண்ணீர்தான் பாக்கி. வானம் கருத்துக் காற்று ஏறியிருந்தது. தகரச் சுவர் படபடவென்று அடித்துக்கொண்டது.

"இன்னாண்ணே பண்ணிக்கினு கீற?"

"பழைய தண்ணிய எவனாச்சும் மழைக்கு வச்சிக்குவானா? நல்லதுதாம்மா செஞ்சேன்."

"தண்ணி இல்லன்னா இத்த காத்து தூக்கினு பூடும்ண்ணே! அப்புறம் எம்பொழப்பு?"

கரண்ட் போய் மோட்டார் ஓடவில்லை. சித்தி அழுவாள் என்று நினைத்தேன். அவளா? பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலையை வரிந்து செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அரைமணியில் கிணற்றிலிருந்து குளம்வரை பெண்கள் வரிசை. குடம் கைமாறிக் கைமாறி வந்தது. கிணற்றடியில் நின்று சேந்தியவர் மாமா. வேறு யாரையும் கயிற்றைத் தொட சித்தி விடவில்லை. சாயங்காலத்துக்குள் என் இடுப்பளவு ஏறியது. தார்ப்பாயைக் கட்டி முடிக்கவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. அன்றைய காற்றில் பங்களாவின் கார் கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. குளம் அசையவில்லை. அப்பேர்ப்பட்டவள் எங்கள் சித்தி!

கோடை வந்தது, துரை வரவில்லை. அறையைக் காலிசெய்யச் சொல்ல கம்பெனி மேனேஜர் வந்தார். சித்தி அவரை நேரே பின்பக்கம் கூட்டிப்போய்த் தார்ப்பாயை விலக்கினாள். அடியில் கிடந்த ஒரு கூழாங்கல்கூடத் தெரிந்தது.

"அவங்க ஊர்ல குளிர் இன்னும் வுடல சார். வந்தா பசங்க நேரா இதுலதான் குதிக்கும். அதான் ரெடியா வச்சிக்கினு கீறேன்."

மேனேஜர் தண்ணீரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "சரிம்மா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஐப்பசியிலும் மருந்து, ட்யூப், தார்ப்பாய். அதற்கடுத்த ஐப்பசியிலும். மூன்று வருஷமாகக் குளிர் விடாத தேசம் ஒன்று இருக்கிறதென்று வகுப்பில் அடித்துச் சொல்லி நான் டீச்சரிடம் கொட்டு வாங்கினேன்.

சித்தியின் ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு வெளிநாட்டுக் கடிதம் இருந்தது. முதல் கோடைக்கு முன்பே வந்தது. கோயில் சாமியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அதன் தபால்தலை வேண்டுமென்று அடம்பிடித்தேன். சோற்றுப்பானை ஆவியில் காட்டி, கிழியாமல் உரித்துக் கொடுத்தாள்.

"துரையம்மா இன்னா எழுதிகீறாங்க சித்தி?"

"கொளத்த நல்லா பாத்துக்கோன்னு" என்றபடி கடிதத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

இனி வரப்போவதில்லை, குளத்தை யாருக்காவது கொடுத்துவிடு என்றுதான் அதில் எழுதியிருந்ததை வளர்ந்த பிறகுதான் படித்தேன். மேனேஜருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. இதெல்லாம் எனக்கு அப்போது எங்கே விளங்கியது? தபால்தலையில் பனி மூடிய மலை ஒன்று இருந்தது. பார்த்தீர்களா, அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்று தோழிகளிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.