கரி டீச்சர்

எங்கள் பள்ளியில் லேப் கிடையாது. லேப் என்று பெயர் எழுதிய பீரோ ஒன்று உண்டு; அதன் சாவி தொலைந்து ஆறு வருடமாகிறது. அதனால் அனுப்ரியா டீச்சர் கெமிஸ்ட்ரியைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பாலகாட் சுரங்கக் குடியிருப்பிலிருந்து வருவார். இஸ்திரிக் கடையில் கேட்டு வாங்கி இடித்த கரித்தூள், அடி வெட்டிய தண்ணீர் பாட்டில், பஞ்சு, பேனா இங்க். பிள்ளைகள் வைத்த பெயர் கரி டீச்சர். மதியம் என் பக்கத்தில்தான் உட்காருவார். என் தயிர்சாதத்தில் அவர் கைபட்ட இடம் தனியாகத் தெரியும். நான் கணக்கு வாத்தியார், எனக்குச் சாக்பீஸ் தூளே போதும் என்று பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே என் ஊறுகாயையும் எடுத்துக்கொள்வார்.

பள்ளிச் செயலாளர் சிவப்பிரகாசத்துக்கு ஆண்டர்சன்பேட்டையில் பாத்திரக்கடை. "லேப்பே இல்லாத ஸ்கூலுக்குத் தனியா கெமிஸ்ட்ரி டீச்சர் எதுக்குங்க? பிசிக்ஸ் சாரே பாத்துக்குவாரு" என்று கமிட்டியில் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியடுக்கு வந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் மே மாதத்தோடு டீச்சருக்கு வேலை இல்லை.

அன்று பாடம் அட்சார்ப்ஷன். கரியின் மேற்பரப்பில் சாயம் போய் ஒட்டிக்கொள்ளும். மேலே ஊற்றிய நீலத் தண்ணீர் கீழே தெளிவாக இறங்கும். ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அதனால் காலை மணி அடிக்கும் முன்பே பாட்டிலை ஒரு டம்ளர் மேல் கவிழ்த்து, பஞ்சும் கரியும் போட்டு இங்க் தண்ணீரை ஊற்றி வைத்தார். "பத்திரமா பாத்துக்கோங்கண்ணா, இதுலதான் என் வேலையே இருக்குது" என்று அட்டெண்டர் முனிரத்தினத்திடம் சொல்லிவிட்டு வேறு வகுப்புக்குப் போனார்.

முனிரத்தினம் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும் வரை அதன் மில்லில் வடிகட்டும் இடத்தில் இருந்தவர். அங்கே சட்டம் ஒன்றுதான்: தெளிந்து இறங்கும் தண்ணீர் சாக்கடைக்கு, தங்கி நிற்கும் சேறு பூட்டுக்கு. தங்கம் சேற்றில்தானே இருக்கும்! மனுஷன் இங்கேயும் அதையே செய்துவிட்டார்.

மூன்றாம் பீரியடில் சிவப்பிரகாசம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வகுப்பு இல்லை, பின்னால் நின்றேன். முனிரத்தினம் ஒரு தட்டில் கரிச்சேற்றை ஏந்திக்கொண்டு வந்தார்.

"தண்ணி எங்கண்ணா?" என்றார் டீச்சர்.

"அது வேஸ்ட்டும்மா, குரோட்டன்ஸ் செடிக்கு ஊத்திட்டேன். சரக்கு பத்திரமா கீது. ஆபீஸ் பீரோல பூட்டி வச்சிருந்தேன்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. "இன்னா டீச்சர், கரியைப் பாக்கவா கடையை விட்டுட்டு வந்தேன்?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கரிக் கை என் சோற்றில் படாத மதியத்தை நினைத்துப் பார்த்தேன், கொஞ்சமும் பிடிக்கவில்லை.

டீச்சர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணன் சொன்னது சரிதான், சரக்கு இதுலதான் இருக்குது" என்றார். ஆபீஸில் கொரோனா காலத்திலிருந்து கிடந்த சானிடைசரை வரவழைத்துக் கரியில் ஊற்றிக் கலக்கினார். "சாயத்தைக் கரி தின்னுடலைங்க சார். மேல ஒட்டி வச்சிருக்குது. ஸ்பிரிட் ஊத்தினா விட்டுடும்."

வடிகட்டப் பஞ்சு இல்லை; இருந்த பஞ்சும் கரியோடு கரியாகிவிட்டது. "யாராவது ஒரு பேப்பர் குடுங்க" என்றார். பிள்ளைகளை முந்திக்கொண்டு சிவப்பிரகாசமே சட்டைப் பையிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். டீச்சர் அதைக் கூம்பாக மடித்துக் கண்ணாடி டம்ளரில் செருகி ஊற்றினார்.

ஈரம் பரவிக் காகிதம் கண்ணாடியில் ஒட்டியதும் வெளிப்பக்கத்தில் டைப் அடித்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். டீச்சரின் பெயர். மே முப்பத்தொன்றோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். கையெழுத்து மட்டும் பாக்கி. டீச்சரும் படித்துவிட்டார், ஊற்றிய கை அப்படியே நின்றது.

அதற்குள் கூம்பின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. நீலம். பிள்ளைகள் போட்ட கூச்சல் பக்கத்து வகுப்பை எழுப்பியிருக்கும்.

சிவப்பிரகாசம் சொட்டைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"அது ஒன்னும் முக்கியமான பேப்பர் இல்லைங்க" என்றார். "நீங்க ஊத்துங்க டீச்சர்."