ஒரு பல் செட்டும் இரண்டு காலி டிஸ்க்குகளும்

பல் செட் செய்கிறவர் எதற்குமே காசு கொடுக்காத ஆள் இல்லை. வாடகை கொடுத்தார், பிசினுக்கும் மெழுகுக்கும் கொடுத்தார். கையில் பிடித்துப் பார்க்க முடியாத பொருளுக்கு மட்டும் கொடுக்க மாட்டார். மென்பொருள் அந்த ரகம். அதைக் கஞ்சத்தனம் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, கொள்கை என்பார். கொள்கை என்று பெயர் வைத்துவிட்டால் எந்தக் குணமும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் அவருடைய வேலையறை. பல் டாக்டர் தாடையைப் படமெடுத்து அனுப்புவார். இவர் திரையில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கி, இயந்திரத்தில் கடைந்தெடுப்பார். மனைவி மெருகு போடுவாள். ஊரின் பாதி வாய் அந்தக் கணினிக்குள் இருந்தது.

"மாமா, ஒரு வருஷத்துக்கு நானே காசு கட்டிட்டேன். இது பாட்டுக்குத் தினமும் காப்பி எடுத்துக்கும். நீங்க கைய வைக்க வேணாம்" என்று கணினிக் கடையில் வேலை பார்க்கும் மச்சினன் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான்.

"டிஸ்க்க அப்படியே நகல் எடுக்க இலவசமா கருவி இருக்கு மாப்ள. அதுக்குப் போய்க் காசு கட்டுறவன உங்க கடையில என்னன்னு கூப்பிடுவீங்க?"

"வாடிக்கையாளர்னு."

காசு கட்டிய மென்பொருளுக்கு வெளி டிஸ்க் ஒன்று எப்போதும் செருகியே இருக்க வேண்டும். இலவசக் கருவிக்கும் அதே கேபிள்தான் வேண்டும். இருந்ததோ ஒரே கேபிள். இரண்டாவது கேபிள் வாங்குவதா? கொள்கை என்ன ஆவது? காசு கட்டியதன் டிஸ்க்கைப் பிடுங்கிப் போட்டார். "உங்கள் காப்பி எடுக்கப்படவில்லை" என்று அது மின்னஞ்சலில் அலறத் தொடங்கியது. விளம்பரம் என்று முடிவு செய்து, அது எழுதுவதெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார்.

பிறகு பழைய டிஸ்க்குகள் முனக ஆரம்பித்தன. ஜோடியாக வாங்கினால் தள்ளுபடி, பழையதைக் கொடுத்தால் இன்னும் தள்ளுபடி என்றார்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவில் இரண்டு புது டிஸ்க் வாங்கினார். ஒன்றுக்கு வேலை முழுவதையும் மாற்றினார். பழையவற்றைச் சுத்தமாகத் துடைத்துக் கடையில் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை வழக்கம்போல நகலெடுக்க உட்கார்ந்தார்.

கருவி இரண்டே கேள்விதான் கேட்டது: எதிலிருந்து, எதற்கு? இரண்டு பெட்டியிலும் ஒரே பெயர் தெரிந்தது. முதலில் தெரிந்ததை 'எதிலிருந்து' என்ற இடத்தில் போட்டார். 'நிச்சயமாகவா?' என்றது. எப்போதும்போல 'ஆம்' என்றார். அசலும் நகலும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தால் எது அசல் என்பது ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. நம்மவர் அதை ஒரு மதியத்தில் தீர்த்தார். கருவி துளிப் பிசகில்லாமல் வேலையை முடித்து வாழ்த்தும் சொன்னது. காலி டிஸ்க்கிலிருந்து நிறைந்த டிஸ்க்குக்கு வெறுமை ஒழுங்காக நகலெடுக்கப்பட்டிருந்தது.

மற்றவர்களின் படத்தை டாக்டரிடம் திரும்பக் கேட்டு வாங்கிவிடலாம். செய்தி வாசிப்பாளராக இருந்த ஓர் அம்மாவின் பல் செட்தான் சிக்கல். வானொலியில் ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை நிலையத்தின் ஆண்டு விழாவில் பழைய செய்தி ஒன்றை வாசிக்க வேண்டும். அவருக்கு 'ச' சீறாமல் வர மூன்று முறை மாதிரிப் பல்லை மாட்டி, வாசிக்க வைத்து, திரையில் இழை இழையாகத் திருத்தியிருந்தார். அந்தத் திருத்தம் வேறு எங்கும் இல்லை.

மச்சினன் மின்னஞ்சல் குப்பையைக் கிளறினான். "எத்தனை தடவை சொல்லியிருக்கு பாருங்க மாமா. ஒண்ணாவது படிச்சீங்களா?"

"உன் போன் தண்ணில விழுந்தப்போ உன் குழந்தை போட்டோ எத்தனை மிஞ்சிச்சு?" என்றாள் அவன் அக்கா. அவன் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"முதல்ல எடுத்த படத்த வச்சே கடைஞ்சு குடுத்துரலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார் பல் செட்காரர்.

"கண்ணுக்குத் தெரியாது. மைக்குக்குத் தெரியுமே. அந்தம்மா மேடையில சீறும்போது நீங்க எந்த வரிசையில உக்காந்திருப்பீங்க?" என்றாள் மனைவி.

கொள்கையை ஓரம் வைத்துவிட்டு, அவர் முதல் படத்திலிருந்து புது மாதிரிப் பல் ஒன்றைக் கடைய உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை மாதிரிப் பல்லோடு அந்த அம்மா வீட்டுக் கூடத்தில் நின்றார். இயந்திரக் கோளாறு என்று சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபோது, "நான்தாங்க அழிச்சிட்டேன். மாத்தி நகலெடுத்துட்டேன்" என்று வந்துவிட்டது.

"மூணு வாட்டி உக்காந்தேனே, அதெல்லாமா?"

"எல்லாமேங்க. மறுபடியும் மொதல்லேர்ந்து."

"நான் வாசிச்ச செய்தி ஒண்ணக்கூட நிலையத்துல பத்திரப்படுத்தல தம்பி. டேப்ப அழிச்சு அழிச்சு மேலயே பதிவு பண்ணாங்க, சிக்கனமாம். வியாழக்கிழமை என்னையே மறுபடி வாசிக்கச் சொல்றதும் அதனாலதான். நீங்க ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல."

மன்னித்தாரா என்று தெரியவில்லை. மாதிரிப் பல்லை வாங்கி மாட்டிக்கொண்டு, பழைய செய்தி எழுதிய தாள் ஒன்றைக் கையில் எடுத்தார். முதல் வரியிலேயே 'செய்திகள்' பாம்பாகச் சீறியது. பல் செட்காரர் அரத்தை எடுத்தார்.