அவுக சொன்னாக

அது சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால், எங்கள் தெரு வாலிபர்கள் போடும் நாடகத்தைப் பகலிலேயே வைத்துக்கொள்வதென்று என் சிநேகிதன் முடிவு செய்திருந்தான். நாடகத்தை எழுதியதும் அவன், நடத்தியதும் அவன். நான் வசனத்தைப் பிரதியெடுத்துக் கொடுப்பேன். ஒத்திகைக்கு வராதவர்களைச் சைக்கிளில் போய்க் கூட்டிவருவேன். பள்ளிப் படிப்பை முடித்தவன் என்று எனக்கும் கொஞ்சம் மரியாதை இருந்தது. ஆனால் சொன்னால் கேட்கிற மரியாதை இல்லை.

ஆடி மாதம் அவனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொய்னா மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவன் இல்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பி, ஆற்றில் குளித்தேன். பசித்தது, சாப்பிட்டேன். அழுகை வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு காத்திருந்ததையும் மறந்துபோனேன்.

ஒத்திகை நடந்த, நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு ஒரு நாள் போனேன். எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். “நிப்பாட்டிருவமா?” என்றான் ஒருவன். “வேணாம், முதல் காட்சியிலிருந்து பார்ப்போம்” என்றேன். எழுந்தார்கள், ஆனால் மெதுவாக. மந்திரி வேஷக்காரனுக்கு ஓர் இடத்தைக் காட்டி, அங்கே நின்று பேசச் சொன்னேன். அவன் அசையவில்லை.

“அவுக இங்கன உக்காந்து பேசச் சொன்னாக.”

யார் அந்த அவுக என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உயிரோடு இருந்தவரை அவன் இவர்களுக்கு ‘ஏலே’தான். இப்போது ‘அவுக’ ஆகியிருந்தான். அன்று முதல் நான் எதைச் சொன்னாலும் எதிரே அந்தச் சொல் வந்து நின்றது. அவுக திரைய அந்தப் பக்கந்தான் இழுக்கச் சொன்னாக. அவுக இந்தப் பாட்டு இருக்கட்டும்னாக. அவனோடு வாதாடவும் வழியில்லை.

சேவகனாக நடித்தவன் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்பவன். அவனுக்கு ஒரே வசனம்: ‘மன்னர் வருகிறார்.’ அது அவன் வாயில் வரவேயில்லை. சிநேகிதன் தினமும் திருத்தினான். அதையே நானும் செய்தேன்.

“மன்னர் வரு... வருகிறாக.”

“ஏலே, நீ சொல்லி முடிக்குமுன்ன ராசா கெழவனாயிருவாரு” என்றான் மந்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

சேவகன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “பெரியாளு வந்தா வாராகன்னுதான சொல்லுவோம். வருகிறார்னா ராசாவ மட்டந்தட்டுற மாதிரி இருக்கு.”

“அப்ப அப்படியே சொல்லு” என்றேன். “ராசா வாராக.”

“அவுக சம்மதிக்க மாட்டாக” என்றான் மந்திரி.

“அவன் செத்துப்போயிட்டான்” என்றேன். கிட்டங்கியில் அது எதிரொலித்தது. “நான் சொல்றேன். ராசா வாராக.”

பிறகு மந்திரி எழுந்துபோய், நான் காட்டிய இடத்தில் நின்றான்.

அதற்குப்பின் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவன் வேட்டிகளை ஒட்டுப்போட்டு அரண்மனைத் திரை வரைந்தான். சேவகன், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வரட்டுமா என்று கேட்டான். வா என்றேன்.

நாடகத்தன்று மேற்கிலிருந்து காற்று பலமாக வீசியது. திரைக் கயிற்றைப் பிடித்தபடி ஓரத்தில் நின்றேன். சேவகன் தடியை ஊன்றிக்கொண்டு ஜனங்களின் நடுவே வந்தான். “வெலகுங்க, வெலகுங்க. ராசா வாராக.” உட்கார்ந்திருந்த பெண்கள் நிஜமாகவே காலை மடக்கி வழிவிட்டார்கள். ஒருத்தி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் சிரிப்பு எழுந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு அது அடுத்த தெருவில் கேட்பதுபோல் இருந்தது. கயிறு உரசி உள்ளங்கைத் தோல் பிய்ந்திருந்ததைக் கூட்டம் கலைந்த பிறகுதான் பார்த்தேன்.

திரையை மடித்துக்கொண்டிருந்தோம். சேவகன் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இதை எங்கே வைக்க என்று மந்திரியைக் கேட்டான்.

“அவுககிட்ட கேளு. அவுக சொல்லுவாக.”

யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. சேவகன் கிரீடத்தோடு என் எதிரே வந்து நின்றான்.

“பெட்டிக்குள்ள வை” என்றேன்.