வாடகை இடத்தில் கட்டிய வீடு

எங்கள் பூர்வீக வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். நானும் எல்லோருக்கும் போன் போட்டுக் கேட்டுத்தான் வீட்டைப் படம் பிடித்தேன்.

பிரபலமான சினிமா ஒன்றை வைத்து வந்த வீடியோ கேம் ஆடுவது என் பொழுதுபோக்கு. நாமே புது இடங்களை உருவாக்கி அதில் சேர்க்க, இலவசமாக ஒரு கருவியும் கொடுத்திருந்தார்கள். வேலைவிட்டு வந்து, அதில் எங்கள் வீட்டைத் தூண் தூணாகக் கட்டினேன். ஆத்தங்குடிக் கல்லின் பூப்போட்ட தரைக்கே ஒரு மாதம் போயிற்று. பங்காளிகள் கூடிக் கும்பிடும் படைப்பு அன்று, டிவியில் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன்.

அதற்கு முந்தின வாரம் கேம் திறக்கவே இல்லை. அந்தச் சினிமாவைப் பயன்படுத்த, கேம் கம்பெனி சினிமாக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். கேமையும் கருவியையும் நிறுத்திவிட்டார்கள். என் வீட்டையாவது எடுத்துக்கொடுங்கள் என்று எழுதினேன். அப்படித் தர முடியாது என்பது நான் சம்மதித்த நிபந்தனைதான் என்று பதில் வந்தது. படிக்காமலே 'சம்மதம்' பட்டனை அமுக்கியிருக்கிறேன்.

"ஆணி அடிக்க அத்தனை பங்காளியையும் கேக்குறவ, இங்குட்டு ஒரு வார்த்தை கேக்கலையே! கட்ட எடம் குடுத்தவுகளே வாடகைக்குல்ல இருந்திருக்காக" என்றார் என் கணவர்.

படைப்பன்று போனில் இருந்த படங்களைத்தான் காட்டினேன். இப்போதெல்லாம் எதையும் தனி மென்பொருளில் செய்து, ஒரு பிரதியை என்னிடம் வைத்துக்கொண்ட பிறகே வேறு கேம்களில் சேர்க்கிறேன். 'சம்மதம்' பட்டன் வந்தால், இந்த இடத்துக்கு யார் யார் பங்காளி என்று படித்துவிட்டுத்தான் அமுக்குகிறேன்.

- உமையாள், காரைக்குடி