விஜயதசமிக்கு மக்கர் பண்ணின ரயில்

எங்க வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல நிஜ இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுட்டு, ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து பொம்மை இன்ஜினைப் பிரிப்பாரு. ஒரு ரூம் பூரா மேஜை, மேஜை பூரா தண்டவாளம். நடுவுல காவேரிப் பாலம். தண்ணி மட்டும் கிடையாது. நிஜக் காவேரியில மட்டும் என்ன வாழுதாம்?

அப்பல்லாம் ஒரே ஒரு திருகுதான். திருப்பினா தண்டவாளம் பூரா கரண்ட் போகும், நிக்கிற வண்டியெல்லாம் கிளம்பிடும். ஒண்ணு மட்டும் நிக்கணும்னா அந்த இடத்துக்குக் கரண்டை அணைக்கணும். அதுக்கு எட்டு சுவிட்ச். அமுக்குற உத்யோகம் எனக்கு. "அடியே, நாலை அணை, நாலு!"ன்னு கத்துவாரு. ரெண்டாங்கிளாசோட நின்னவதான், ஆனா எண்ணத் தெரியும். அடுப்புல குழம்பு கொதிச்சா வேணும்னே அஞ்சை அமுக்குவேன். வண்டி ரெண்டும் முட்டிக்கும், அன்னிக்கு எனக்கு லீவு.

எண்பதுகள் கடைசியில கொழுந்தனார் ஜெர்மனியிலேர்ந்து ஒரு பெட்டி கொண்டாந்தாரு. டிஜிட்டலாம். இன்ஜின் வயித்துக்குள்ள ஒரு சில்லு வெச்சுட்டா, எந்த நம்பரை அமுக்குறோமோ அந்த இன்ஜின் மட்டும் சொன்னபடி கேக்குமாம்.

"உங்க அண்ணனுக்கும் ஒண்ணு வெச்சுட்டுப் போங்க தம்பி"ன்னேன்.

சில்லு ரெண்டே ரெண்டு. ஒண்ணு கடையில வாங்கின இன்ஜினுக்கு, உடனே ஓடிடுச்சு. இன்னொண்ணு, இவரே பித்தளைத் தகட்டை வெட்டி ரெண்டு வருஷமா செஞ்ச இன்ஜினுக்கு. சால்டரிங் சூடு கொஞ்சம் கூடினாலும் சில்லு செத்துடும், வேற கிடையாதுன்னு தொட்டுத் தொட்டு எடுத்து ஒட்டினாரு. பழைய சுவிட்ச் ஒயரையும் பிடுங்கியாச்சு.

ஓட்டிப் பாக்குறதுக்குள்ள ஆயுத பூஜை வந்துடுச்சு. ஒர்க்‌ஷாப்புல பெரிய இன்ஜினுக்குச் செய்யிற மாதிரி, அந்தப் பித்தளை இன்ஜினுக்குச் சக்கரம் சக்கரமா சந்தனம் அப்பி, குங்குமம் வெச்சேன். பூஜையில வெச்சதை மறுநாள் வரைக்கும் யாரும் தொடலை.

விஜயதசமி காலையில எடுத்து வெச்சு நம்பரை அமுக்கினாரு. அசையலை. கடை இன்ஜின் நம்பரை அமுக்கினா அது ஜம்முன்னு போகுது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான்டி சில்லைப் பொசுக்கிட்டேன்"ன்னு அப்படியே உக்காந்துட்டாரு. வெச்ச இட்லி ஆறிப்போச்சு.

இன்ஜினை எடுத்துத் திருப்பிப் பாத்தேன். சக்கரம் பூரா சந்தனம் காஞ்சு ஓடு மாதிரி ஒட்டியிருக்கு. சக்கரம் வழியாத்தானே கரண்ட் ஏறணும்! அப்பினவ நான்தானே. முந்தானையை நனைச்சு, சத்தம் போடாம சுரண்டித் துடைச்சேன்.

"என்னடி பண்றே?"

"திருஷ்டி கழிக்கிறேன். இப்ப அமுக்குங்க."

"செத்ததை அமுக்கி என்ன ஆவப்போவுது?"

"அமுக்குங்கங்கிறேன்ல!"

அமுக்கினாரு. ஒரு குலுக்கு குலுக்கிட்டு பித்தளை வண்டி நகர்ந்து பாலத்துல ஏறிச்சு. இவர் பெருமூச்சு விட்டது வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு.

"பாத்தியா, என் சால்டரிங் தப்பே இல்லை!"

"நான் எப்பங்க தப்புன்னு சொன்னேன்?"ன்னு, மஞ்சக் கறை பட்ட முந்தானையை இடுப்புல நல்லா உள்ள தள்ளிச் சொருகிக்கிட்டு இட்லியைச் சூடு பண்ணப் போனேன்.