ஒழுகாத கூரை

மழைக்காலத்தில் மரக்காணத்து உப்பளங்களில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் கீற்றுக் கூரை வேயப் போவேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. நான் வேய்ந்த கூரை ஒரு சொட்டு ஒழுகாது. என் சொந்த வீடு மட்டும் கணக்கில் சேராது. அதை ஒழுங்காக வேய நேரம் கிடைத்ததே இல்லை.

ஓர் ஐப்பசி பிறக்கும் நேரத்தில், பொம்மையார்பாளையத்தில் இருந்த வெளிநாட்டு அம்மா ஒருவர் தோட்டத்தில் பந்தல் போடக் கூப்பிட்டார். யூத அம்மா. இங்கே வந்து பல வருடங்களானதால் தமிழ் நன்றாகப் பேசுவார். அவர்களுக்குக் கூடாரப் பண்டிகையாம். ஏழு நாளும் பந்தலுக்குக் கீழேதான் சாப்பாடு.

என் மனைவியையும் கூட்டிப் போயிருந்தேன். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏற்றி அவளுக்கு முடியெல்லாம் கொட்டிப் போயிருந்தது. ஊரையே கேலி பேசிச் சிரிக்க வைப்பவள், நாலு மாதமாக வாய் திறக்கவில்லை. நோயைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் தனியே விட மனம் வரவில்லை.

இரண்டு நாளில் வேலையை முடித்தேன். மூன்று அடுக்குக் கீற்று. அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, இது ஆகாது என்றார். கூரைக்கு நடுவே வானம் தெரிய வேண்டுமாம், நட்சத்திரம் தெரிய வேண்டுமாம். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஓட்டைக் கூரை வேய்வதற்கு நான் எதற்கு, யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாமே என்று சத்தம் போட்டேன்.

அப்போது மாமரத்தடியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"இதுக்கு ஏம்மா கவலைப்படுறீங்க? எங்க வூட்டு மேலயும் இவரு வேஞ்ச கூரைதான் இருக்குது. அதைக் கொண்டாந்து வெச்சுக்கோங்க. வானம் பூராத் தெரியும்."

அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். நான் ஏணியில் நின்றபடி அழுதேன்.

கீற்றைப் பிரித்து இடைவெளி விட்டுக் கட்டினேன். பண்டிகைக்கு எங்களையும் சாப்பிட உட்கார வைத்தார் அந்த அம்மா. அவர் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் இந்த ஏழு நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வேதத்தின் கட்டளையாம்.

"கட்டளை போட்டா சந்தோஷம் வந்துடுமாம்மா?" என்று என் மனைவி கேட்டாள்.

"வராது. ஆனா பந்தல் போடணும், சோறு ஆக்கணும், ஆளுங்களைக் கூப்பிடணும். ஒருவேளை வந்துட்டா, உக்கார எடம் வேணும்ல?"

சொல்லி வாய் மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. சாம்பாரில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சாப்பாடு கெடும் அளவுக்கு மழை வந்தால் உள்ளே போகலாம் என்றும் விதி இருக்கிறதாம். சாம்பார் கெட்டுவிட்டதா இல்லையா என்று இருவரும் நனைந்தபடி வாதாடினார்கள். கெடவில்லை, உப்புதான் குறைந்தது என்றாள் இவள்.

மாசியில் அவள் போய்விட்டாள்.

காரியத்துக்கு ஷாமியானா போடலாம் என்றார் அவள் அண்ணன். நான் கேட்கவில்லை. அவளுக்கு என் கையால்தான் பந்தல் என்று நானே வேய்ந்தேன். சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருந்தது. பதினாறாம் நாள் சொந்தமெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தபோது அவள் அண்ணன் மேலே பார்த்தார்.

"என்னா மாப்ள வேஞ்சிருக்க? பூரா வெயிலு வுழுது."

அண்ணாந்து பார்த்தேன். என்னைக் கேட்காமலே கை இடைவெளி விட்டிருக்கிறது, அந்தத் தோட்டத்தில் விட்டது மாதிரியே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. துக்கத்தில் மனம் பேதலித்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். பின்வரிசை நாற்காலியிலிருந்த அந்த அம்மாவும் மேலே பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மாலை போட்ட படத்திலிருந்த என் மனைவியின் முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. இருந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.