கடைசித் தட்டுக்குக் குளிர்ந்த உப்புநீர்

இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த குழித்தட்டைக் கையில் ஏந்தி, ஆய்வகக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வரும் டெக்னீசியன் அக்காதான், நான் ஆய்வு மேற்கொண்ட தருமபுரி என்றதும் எனக்கு நினைவில் வருகிறார். "நகரு கண்ணு, உசுரோட இருக்குது" என்பார். தட்டின் அடியில் ஒட்டி வளரும் குடல் செல்களைத்தான் அப்படிச் சொல்வார். வீட்டுக் கன்றுக்குட்டிக்கு வைப்பதுபோல அவற்றுக்கும் வேளை தவறாமல் தீனி வைத்தவர் அவர். அந்தக் குரலைக் கேட்காத ஆய்வகங்களில் எனக்கு இன்றும் ஏதோ குறைகிறது.

டைபாய்டு வகைக் கிருமி ஒன்று குடல் செல்லுக்குள் நுழைய, முதலில் அதன்மேல் ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு மரபணு எவ்வளவு உதவுகிறது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. மரபணு உள்ள கிருமியை ஒரு தட்டிலும், அது நீக்கப்பட்ட கிருமியை இன்னொன்றிலும் விடுவோம். வெளியே நிற்பவற்றை மருந்தால் கொன்று, உப்புநீரால் கழுவி, செல்லை உடைத்து, உள்ளே பிழைத்திருப்பவற்றை எண்ணுவோம். ஒரு நாள், கடைசியாகக் கழுவிய அந்த இரண்டாவது தட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த மரபணு இல்லாமல் கிருமியால் நுழையவே முடியாது என்று ஆகிவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஆய்வு வழிகாட்டியான சாரும் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்து நின்றார். "கண்ணு, கடைசித் தட்டுக்கு உப்புத்தண்ணிய சூடு பண்ணல. பிரிட்ஜ்ல இருந்து அப்படியே ஊத்திட்டேன். அந்தக் குளிர்ல செல்லே தட்டுல இருந்து பேந்து போயிருக்கும்."

கிருமி நுழையாமல் இல்லை. அது நுழைந்த செல்களையே கழுவிக் கொட்டியிருந்தோம். மூன்று வருட உழைப்பு. ஆத்திரத்தில் நேரே சாரிடம் போய், அக்கா செய்த தப்பு என்றேன். ஊருக்குப் போக நான் கடத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று "சீக்கிரம்க்கா, சீக்கிரம்" என்று அவரை விரட்டியது நான்தான் என்பதைச் சொல்லவில்லை. என் முன்னாலேயே சார் அவரைத் திட்டினார். அக்கா அடுத்த தட்டுக்குத் தீனி வைக்கப் போனார்.

மறுபடி செய்தோம். மரபணு இல்லாத கிருமியும் நுழைந்தது. குறைவாகத்தான், ஆனால் நுழைந்தது. ஒட்டிக்கொள்ள அதனிடம் வேறு வழிகளும் இருந்தன. எனக்குப் பட்டம் கிடைத்தது அந்த முடிவுக்குத்தான்.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் போனில் அழைத்து, அன்று நான் மறைத்ததைச் சொன்னேன். இத்தனை வருடம் கழித்தும் வெட்கமாக இருந்தது.

"சாரு என்னையத் தனியா கூப்டு கேட்டாரு, யாரு அவசரப்படுத்துனதுன்னு" என்றார் அக்கா. "நான் வாயத் தொறக்கல கண்ணு. சொல்லியிருந்தா, மறுக்கா செய்ய உன்னய உட்டிருப்பாரா?"